குளிர்ந்த எஞ்சினில் ஒரு தட்டல்

இரும்புக் குழாய்க்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல இருந்தது அந்தச் சத்தம். ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், பூதப்பாண்டிச் சாலையிலிருந்த என் லேத் பட்டறையின் முன்னால், அத்தான் புதிதாகக் கட்டிய பந்தய எஞ்சினை முதன்முதலாக உதைத்து ஓடவிட்டார். டக் டக் என்று இரண்டு நிமிடம் தட்டியது. சூடேறியதும் அடங்கிவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கவலை எதுவும் தெரியவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். சவுதியில் பத்து வருடம் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு 2004இல் ஊருக்குத் திரும்பியவர். கூடவே அங்கே பார்த்த டிராக் ரேஸ் பைத்தியத்தையும் கொண்டுவந்திருந்தார். நேர்சாலையில் இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நின்று சீறிக் கிளம்பும். பத்துப் பதினைந்து வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அதற்காக மாதக்கணக்கில் எஞ்சினோடு மல்லுக்கட்டுவார். என் தொழில் சிலிண்டர் போரிங். தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து, புதுப் பிஸ்டனுக்குச் சரியான அளவில் ஆக்கிக் கொடுப்பது. கீரிப்பாறை எஸ்டேட் ஜீப்புகளும் அஞ்சுகிராமத்துப் பம்புசெட்டுகளும் என்னைத் தேடி வந்த காலம் அது. அத்தானுக்கும் நான்தான் கடைந்து கொடுத்தேன். எஞ்சின் கட்டும்போது மட்டும் அவர் யாரையும் பக்கத்தில் விடமாட்டார், என்னையும்கூட.

அந்த எஞ்சின் பூட்டிய பைக்கை ஓட்டியவர் கடற்கரைப் பக்கத்து மீன் வியாபாரி, முப்பதைத் தொடாத வயது. 2006இல் கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்த போட்டியில் ஜெயித்துவிட்டு வந்தார். மறுநாள் காலை நாகர்கோவில் மெக்கானிக்குகள் ஏழெட்டுப் பேர் வண்டியைப் பார்க்க என் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். அத்தான் எஞ்சினை உதைத்தார். மறுபடியும் அதே தட்டல். ஒருவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இது பிஸ்டன் தட்டுகதுல்லா? என்னவாக்கும் இப்படி?"

அத்தான் தயங்கவே இல்லை. "போரு இம்புடு லூசாயிட்டு. மச்சினனுக்குக் கை பிசகிட்டு. சூடானா சரியாவும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தானைப் பத்துப் பேர் முன்னால் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதைவிட, நான் அதை நம்பிவிட்டேன். போர், அதாவது கடைந்த துளை, அளவு கூடிப்போனால் இதே சத்தம்தான் வரும். அவ்வளவு பெரிய வேலைக்காரர் சொல்கிறார், என் கைதான் பிசகியிருக்கும் என்று நினைத்தேன்.

பேச்சு பரவ ஒரு மாதம்கூட ஆகவில்லை. வருடக்கணக்காக என்னிடம் வந்துகொண்டிருந்த எஸ்டேட் டிரைவர் என் பட்டறையைத் தாண்டி வேறு இடத்துக்குப் போனார். வந்த ஒன்றிரண்டு வேலைகளிலும் எனக்கு நிதானம் போய்விட்டது. ஒரே சிலிண்டரை ஐந்து தடவை அளப்பேன், ஐந்து தடவையும் சந்தேகப்படுவேன். இரண்டு வருடத்தில் போரிங் மெஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் அடிக்க ஆரம்பித்தேன். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சோறு போட்டபடியே, "எல்லாருக்கும் வாறதுதானே மக்கா, விடு" என்பாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

2012இல் மீன் வியாபாரி அந்த வண்டியோடு என்னிடம் வந்தார். கல்யாணமாகிப் பந்தயத்தை விட்டிருந்தார். அத்தான் பெங்களூருக்குப் போயிருந்தார். "நீங்க போரு அடிச்சதுதானே அண்ணே, இந்தச் சத்தத்த நீங்களே நிப்பாட்டித் தாங்க," என்றார். வேண்டாவெறுப்பாகத்தான் திறந்தேன். சிலிண்டரின் அடிப்பகுதிவரை பிஸ்டனில் மாட்டிய ரிங் போகாது, அதனால் அங்கே தேய்மானம் இருக்காது. அந்த இடத்தை அளந்தேன். நான் கடைந்த அளவு அப்படியே இருந்தது. துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்தேன். பிறகு பிஸ்டனைப் பார்த்தேன். சைலன்சர் பக்கம் பார்த்திருக்கவேண்டிய அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பிஸ்டனைத் தாங்கும் பின்னைக் கம்பெனிக்காரர்கள் நட்டநடுவில் வைப்பதில்லை, ஒரு மயிரிழை தள்ளி வைப்பார்கள். மேலே போன பிஸ்டன் கீழே திரும்பும்போது சுவரில் மோதாமல் மெல்லச் சாய்வதற்காக அந்த ஏற்பாடு. பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் அந்தப் பின் எதிர்ப்பக்கம் தள்ளிப்போகும். குளிரில் தட்டும், ஆனால் உராய்வு குறைந்து வண்டி இன்னும் கொஞ்சம் முந்தும். தெரியாமல் திருப்பிப் போட்டிருக்கலாமே என்று நினைக்கவும் வழியில்லை. திருப்பிய பிஸ்டனில் வால்வு முட்டாமல் இருக்க, அதன் தலையிலிருந்த பள்ளம் கிரைண்டரால் அழகாகப் பெரிதாக்கப்பட்டிருந்தது. அது அத்தானின் கைவேலை.

அத்தான் ஊர் வந்த அன்றே போனேன். சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், பிஸ்டன திருப்பியா போட்டிய?"

"தொறந்து பாத்துட்டியா?"

"பாத்தேன்."

துண்டைக் கொடியில் போட்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "சத்தத்துக்கு ஒரு காரணம் சொல்லணும்லா. உள்ளதச் சொன்னா மறுநாளே எல்லாவனும் திருப்பிப் போட்டிருப்பான். நீ நம்ம வீட்டு ஆளு, பொறுத்துக்கிடுவேன்னு நெனச்சேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"ஒனக்கு மறைக்கத் தெரியாது மக்கா. மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

அடுக்களையிலிருந்து அக்கா வந்தாள். எனக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "நான் அன்னைக்கே சொன்னேன், அவன்ட்ட மட்டுமாவது சொல்லிருங்கன்னு. இவரு கேக்கல்ல."

நான் எழுந்து வந்துவிட்டேன். பிஸ்டன் மாற்றிக் கொடுத்த வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. அத்தானும் பிற்பாடு இரண்டு மூன்று பேரிடம் உண்மையைச் சொன்னாராம். அதற்குள் அந்த வித்தை எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. இப்போது மறுபடியும் போரிங் செய்கிறேன், வேலையும் வருகிறது. அத்தானைப் பார்த்தால் பேசுகிறேன். பந்தயத்துக்காக எதையும் செய்கிறவர் அவர், அது எனக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். அக்காவிடம்தான் முடியவில்லை. விசேஷ நாட்களில் கூப்பிடுகிறாள், போகிறேன். இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, "ஒடம்பு எப்படி இருக்கு? பிள்ள ஒழுங்காப் படிக்கானா?" என்று கேட்பாள். பதில் சொல்லிக்கொண்டே, இன்னும் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் இடுப்பில் இருந்து வளர்ந்தவன் நான். அந்த முகத்தை முன்பெல்லாம் நான் அப்படிப் பார்த்ததில்லை.