இறப்புச் சான்றிதழ் இல்லாதவர்

தையல்கடையில் அவளை எல்லோரும் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட ஆறு வயது மூத்த கட்டிங் மாஸ்டர்கூட அப்படித்தான். பொத்தானுக்குத் துளை போடுகிற வேலைக்குக் காஜா எடுப்பது என்று பெயர். சாதாரணச் சட்டைக்கு அதை மெஷினே செய்துவிடும். கோட்டுக்கும் கனமான துணிக்கும் கைதான் வேண்டும். பிளேடால் ஒரு கீறல், பிறகு அதன் ஓரம் பிரியாமல் சுற்றிலும் நெருக்கமாக நூல். கீறல் கொஞ்சம் கூடிப்போனாலும் கோட்டே பாழ். பதினாறு வருடத்தில் அவள் கையால் ஒரு துணி பாழானதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு நிறையவே உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

பேச்சில் வெடுக்கென்று இருப்பாள். பொய் சொல்பவர்களைக் கண்டால் ஆகாது. சொன்ன நாளில் துணி தராமல் இழுத்தடிக்கும் மாஸ்டர், “காஜாக்காவுக்குக் காய்ச்சல் சார், அதான் லேட்” என்று அளந்துவிட்டால், உள்ளேயிருந்து “எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று குரல் கொடுத்து அவர் மானத்தை வாங்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதையாவது சின்னதாகச் சொன்னாளா என்றால் இல்லை. உயிரோடு இருந்த புருஷனைச் செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டாள்.

அவன் ஒரு லாரி கம்பெனியில் டிரைவர். மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது லோடு ஏற்றிக்கொண்டு போனான். போன இடத்தில் லோடை ஒழுங்காக இறக்கினான். லாரியை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவந்து கம்பெனியில் விட்டான். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வேறொருத்தியோடு இருக்கிறான் என்று கம்பெனி வாட்ச்மேன் நாலாவது மாதம் சொன்னார். அப்போதும் நம்பாமல் இன்னொரு நாலு மாதம் காத்திருந்தாள். அதற்கு மேல் அந்த வீட்டு வாடகை அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சின்ன வீடாகத் தேடினாள்.

முதல் வீட்டுக்காரர் உண்மையைக் கேட்டுவிட்டு, “விட்டுட்டுப் போனார்னா ஏதாவது காரணம் இருக்குமேம்மா?” என்றார். இரண்டாவது வீட்டில் அந்தக் கேள்விகூட இல்லை, கதவுதான் பதில். மூன்றாவது வீட்டின் சொந்தக்கார அம்மாள், “வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்று கேட்டதும், “செத்துட்டாருங்க” என்று வாயில் வந்துவிட்டது. “ஐயையோ, இந்த வயசுலயா?” என்று அந்த அம்மாள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள், குழந்தையின் கன்னத்தைத் தடவினாள், சாவியையும் கொடுத்தாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றால் அவளிடம்தான் ஏதோ குறை, செத்தவன் பெண்டாட்டி என்றால் பாவம். உலகம் இப்படி இருக்கும்போது காஜாக்காவை மட்டும் கடிந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஒரு தடவை சொன்னது ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன் பெயருக்கு எதிரே ‘காலமானார்’ என்று எழுதினார்கள். தேதி கேட்டார்கள். அவன் லோடு ஏற்றிக்கொண்டு போன தேதியைக் கொடுத்தாள். சான்றிதழ் எதையும் யாரும் கேட்கவில்லை. மகளுக்கும் அதே கதைதான்: தூரத்து ஊரில் விபத்து, அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆனால் அந்தப் பெண் செத்தவன்மேல் இப்படி உயிரை வைக்கும் என்று அவள் கணக்குப் போடவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் மகள் வீட்டில் சத்தமாகப் பேசமாட்டாள். அம்மா கொஞ்சம் சிடுசிடுத்தால், “அப்பா இருந்திருந்தா இப்படித் திட்டுவாரா?” என்பாள். அப்பா தோளில் உட்கார்ந்து ஊர்வலம் போனது ஞாபகம் இருக்கிறது என்பாள். அது தாய்மாமன் தோள். காஜாக்கா அதைத் திருத்தவில்லை. கண் வலிக்க ஊசி பிடித்து வளர்த்தவள் ஒருத்தி, பாசம் போனதெல்லாம் அந்தப் பக்கம். பல நாள் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன்மேல் வரவேண்டிய கோபமெல்லாம், பாவம், துணிமேல்தான் போகும். நூலை வெடுக்கென்று இழுத்து அறுப்பாள்.

மகள் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வருடக் கட்டணத்துக்குக் கழுத்திலும் காதிலும் இருந்தது போனது. இரண்டாம் வருடத்துக்குப் போவதற்கு ஒன்றுமில்லை. கட்டணம் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். கல்லூரியில் உதவித்தொகை உண்டு, அதிலும் தகப்பனை இழந்தவர்களுக்குத் தனியாக ஒன்று, அநேகமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடுமாம். மகள் ஒரு நாள் அந்த விண்ணப்பத்தோடு வந்தாள். ‘உங்கள் குடும்பச் சூழ்நிலையை விவரிக்கவும்’ என்ற இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அந்தத் தோள் அதிலும் இருந்தது.

“எல்லாம் முடிஞ்சுதும்மா. அப்பாவோட இறப்புச் சான்றிதழ் காப்பி ஒண்ணு மட்டும் வைக்கணும். எங்க வெச்சிருக்க?”

காஜாக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வீடு மாத்தும்போது எங்கயோ தொலைஞ்சு போச்சு.”

“சரி, பரவால்ல. பதிவு ஆபீஸ்ல கேட்டா மறுபடி குடுப்பாங்க. எந்த ஊர்ல பதிஞ்சீங்க?”

அவள் சட்டென்று ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னாள். பேசாமல் ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை. மகள் ஒரு காரியத்தில் இறங்கினால் லேசில் விடமாட்டாள். அந்த ஊருக்கு எழுதினாள், போன் போட்டாள், கடைசியில் ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டு நேரிலேயே போய்க் காலையிலிருந்து வரிசையில் நின்றாள். மூன்று வருடத்துப் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்து, அப்படி ஒரு பெயர் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“பக்கத்து ஊர்ல பதிஞ்சிருப்பாங்களோ என்னவோ” என்றாள் மகள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. “திங்கக்கிழமை அங்கயும் பார்க்கறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் இருக்கு.”

இல்லாத சாவைத் தேடி அந்தப் பெண் ஊர் ஊராக வரிசையில் நிற்பதைக் காஜாக்காவால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திங்கட்கிழமை மாஸ்டரிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு, மகளுக்குத் தெரியாமல் கல்லூரிக்குப் போனாள்.

உதவித்தொகை அலுவலகம் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. இரண்டு மேஜை, கயிறு கட்டிய கோப்புகள், கோப்புகளுக்கு நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாள். நல்ல மாதிரி. காஜாக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பதினாறு வருடத்துக்குப் பிறகு அந்த உண்மையை ஒரு அந்நியரிடம் சொன்னாள். அதிகாரி திட்டவில்லை. நாற்காலியை மட்டும் காட்டினார்.

“இதுக்கு வேற ஒரு வழி இருக்கும்மா. கைவிட்டுப் போனவங்க குடும்பத்துக்கும் உதவி உண்டு. அவர் உயிரோட இருக்காரு, ஆனா விட்டுட்டுப் போயிட்டாருன்னு நீங்க ஒரு உறுதிமொழி எழுதிக் குடுத்தா போதும்.”

“இப்பவே எழுதித் தர்றேன் மேடம்.”

“உங்க கையெழுத்துக்குக் கீழ உங்க பொண்ணும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்.”

“அவளுக்குத் தெரியாம முடிக்க முடியாதுங்களா?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “மனு போடறதே அவதானேம்மா.”

அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தது. தினமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வருவாள். மகள் பாடம் படித்துக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் பதிவு ஆபீசுக்கு இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பாள். இவள் போய்ப் பக்கத்தில் உட்காருவாள், “என்னம்மா?” என்றால், “ஒண்ணுமில்ல” என்று எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கடையில் மாஸ்டர் வாயை மூடவைக்கிற வாய்க்கு வீட்டில் பூட்டு விழுந்துவிட்டது. கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல. வியாழக்கிழமை ஒரு வரிதான் சொல்ல முடிந்தது: “நாளைக்கு நானும் உன்கூடக் காலேஜுக்கு வர்றேன்.”

வெள்ளிக்கிழமை காலை அந்த அறையில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சான்றிதழ் கிடைக்காததற்கு மகள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். அதிகாரி தாயைப் பார்த்தார். தாய் தரையைப் பார்த்தாள். நிலைமை புரிந்த அதிகாரி, திங்கட்கிழமை காஜாக்கா எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழித் தாளை மெதுவாக மகள் பக்கம் நகர்த்தினார்.

மகள் படித்தாள். கீழேவரை படித்துவிட்டு மறுபடி மேலே போனாள். ‘உயிருடன் உள்ளார்’ என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

“இது தப்பா இருக்கு மேடம்” என்றாள். “இது வேற யாரோடதோ.”

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நம்முடையதுதான் என்பதுபோலக் காஜாக்கா தலையை மட்டும் ஆட்டினாள். மகள் முகத்தில் கோபம் வரும், அழுகை வரும் என்று அவள் தயாராக இருந்தாள். இரண்டும் வரவில்லை. அந்த முகம் வெறுமனே வெளிறிப்போய், சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“ஒரே ஒரு இடம் நிரப்பாம இருக்கு” என்றார் அதிகாரி. “அவரைக் கடைசியாப் பார்த்தது எப்போ?”

காஜாக்காவுக்கு அது மறக்கக்கூடிய நாளா? ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கடைக்கு ஒரு ஆள் பழைய கோட்டு கொண்டுவந்தான். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், முதுகில் புத்தகப்பை. கோட்டை மாஸ்டர் இவளிடம் நீட்டினார், இவள் நிமிர்ந்தாள், அவன். கொஞ்சம் பருத்திருந்தான். “நல்லாருக்கியா?” என்றான். மகளைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. மானத்தை விட்டு அவளாகவே, “பாப்பா ஏழாவது படிக்குது, இங்க பின்னாடி தெருவுலதான் இருக்கோம்” என்றாள். “சரி” என்றான் அவன். அவ்வளவுதான். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். காஜா எடுத்து, பொத்தான் தைத்து வைத்தாள். கோட்டு வாங்கக்கூட அவன் வரவில்லை. இரண்டு வருடம் ஆணியில் தொங்கிய அதை மாஸ்டர் யாருக்கோ தூக்கிக் கொடுத்தார்.

மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினாறு வருஷத்துக்கு முன்னாடி மேடம்” என்றாள் காஜாக்கா. “லோடு ஏத்திட்டுப் போனப்போ பார்த்ததுதான். அப்புறம் பார்க்கல.”

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். தாய் கையெழுத்துப் போட்டாள். மகள் பேனாவை வாங்கி, தாய் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு ஒரு புள்ளி வைத்தாள். “கிடைச்சிடும்மா. நீ படிப்பைப் பாரு” என்று அதிகாரி அவளிடம் சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில். மகள் தள்ளியே நின்றாள். காஜாக்காவுக்குத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. திட்டினால் திருப்பி ஏதாவது சொல்லலாம், அழலாம், முடிந்துவிடும்.

“அவருக்கு நம்ம வீடு தெரியுமா?” என்று மகள் கேட்டாள்.

இந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், பதினாறு வருடப் பாசமும் அந்த நிமிடமே அவனைவிட்டுக் கழன்றிருக்கும். ‘தெரியும்டி, நானே சொன்னேன், கேட்டுட்டுத்தான் போனான்.’ வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மகள் முகம் இன்னும் அந்தச் சின்னப் பிள்ளை முகமாகவே இருந்தது.

“தெரியாது” என்றாள். “நாமதான் வீடு மாத்திட்டோமே.”

மகள் மூச்சை விட்டாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

“அப்போ அவர் நம்மளைத் தேடிருப்பாரு. தேடி வந்து, வீடு பூட்டியிருக்கறதைப் பார்த்துட்டுப் போயிருப்பாரு.” அவள் அம்மா பக்கம் திரும்பினாள். “நீ செத்துட்டார்னு சொல்லி முடிச்சுட்ட. பாவம்மா அவரு.”

காஜாக்கா பேருந்து வரும் பக்கம் பார்த்தாள்.

பேருந்து வந்தது. உள்ளே இரண்டு பேர் உட்காரும் இருக்கை காலியாக இருந்தது. மகள் அதைத் தாண்டிப் போய், முன்னால் ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இவள் பின்னால் தனியாக உட்கார்ந்தாள். மகள் செல்போனில் எதையோ தேடினாள், தேடியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தால் தெரிந்தது: லாரி ஆபீஸ்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே போன் நம்பர். பதிவேட்டில் செத்தவனைத் தேடிய அதே ஒழுங்கான கையெழுத்து.

நாலு நிறுத்தம் தாண்டி மகள் திரும்பினாள். அன்று அம்மா முகத்தை அவள் நேராகப் பார்த்தது அதுதான் கடைசி.

“அப்பாவுக்கு இனிஷியல் என்ன?”

காஜாக்கா சொன்னாள். மகள் அதைப் பெயருக்கு முன்னால் எழுதிக்கொண்டாள்.