மூன்றடி பின்னால்

மூன்றாம் வகுப்போடு சரி என் படிப்பு. ஆனால் கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரங்களைச் சொந்த லாரியில் ஏற்றிக் கொச்சி வரை நானே ஓட்டிப் போனேன். எங்கள் தெருவில் வேறு எவன் செய்தான்? கூலிக்கு நாற்று நட்ட வீட்டில் பிறந்தவன், கழக ஆட்சி வந்த புதிதில் ஐந்து மா நிலம் வாங்கினேன்.

அந்த நிலம்தான் அண்ணனைப் பிரித்தது. அவர் கூலி உயர்வு கேட்ட சங்கத்தில் இருந்தார். கேட்ட நெல்லை அளக்க மாட்டேன் என்றேன். "நீயும் பண்ணையாராயிட்டியாடா?" என்றார். அதோடு பேச்சு நின்றது. ஒரு ஆள் நடக்கும் வரப்பில் எதிரெதிரே வருவோம். நான் நேரே நடப்பேன். அவர் சேற்றில் இறங்கிப் போவார். ஊரே என்னை முதலாளி என்றது. அண்ணன் வாயால் ஒரு "டேய்" வராதா என்று ஏங்கினேன்.

கொச்சியில் மிளகு வாங்குவது ஒரு யூத வியாபாரியிடம். என் வயதுதான். பேரத்தில் என்னை மடக்கிய ஒரே ஆள். ஒரு சாயங்காலம் மூட்டை ஏற்றும்போது, "கொஞ்சம் இருங்க" என்றவர், மேற்கே பார்த்துப் பாதங்களை ஒட்டி வைத்து நின்றார். உதடு அசைந்தது, சத்தமில்லை. எதிரே படமில்லை, விளக்கில்லை, வெறும் சுவர். முடிவில், முதுகு காட்டாமல் மூன்றடி பின்னால் வைத்துத் தலை குனிந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பண்ணையார் முன்னால் என் அப்பா அப்படித்தான் பின்னால் நகர்வார்.

"யாருமே இல்லையேங்க, யாருக்குப் பின்வாங்குறீங்க?"

"ராஜா முன்னாடி முதுகு காட்டலாமா?"

"எங்க ஊர்ல ராஜாவையெல்லாம் இறக்கியாச்சு. என்ன கேட்டீங்க, மிளகு விலை ஏறணும்னா?"

சிரித்தார். "அது அப்புறம். முதல்ல புத்தியைக் குடுன்னு கேக்கணும். அடுத்தது, தப்பிப் போன வழியிலேர்ந்து என்னைத் திருப்புன்னு. கடைசியில சமாதானம். அதுக்குத்தான் நகர்றது. நகராம நின்னா சமாதானம் எங்கே வந்து நிக்கும்?"

"பதில் வருதா?"

"எங்கே வருது! தினம் மூணு வேளை கேக்குறேன். கேட்டுட்டு அப்படி நடக்கலைன்னா எனக்கே வெக்கமா இருக்கு. சரி, மூட்டையை ஏத்துங்க."

நான் கறுப்புச் சட்டைக்காரன், சாமி கும்பிட்டதில்லை. லாரியில் திரும்பும்போது, "புத்தியைக் குடு" என்று சொல்லிப் பார்த்தேன். யாரிடம் என்று தெரியவில்லை.

ஊர் வந்ததும் வரப்பில் அண்ணன் எதிரே வந்தார். கால் வழக்கம்போல முன்னால் போகப் பார்த்தது. நிறுத்தினேன். முதுகு காட்டாமல் பின்னால் வைத்தேன். மூன்றாவது அடியில் வழுக்கி வயலில் விழுந்தேன்.

"டேய், குடிச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

கையை நீட்டினார். அந்த அறுவடைக்கு, கேட்ட கூலியை ஊரில் முதலில் அளந்தவன் நான்தான், விசாரித்துக்கொள்ளலாம்.

வியாபாரி கடையைப் பூட்டிவிட்டு அவர்கள் தேசத்துக்குப் போய்விட்டார். அண்ணனும் இல்லை. இந்த வயதில் என்னை "டேய்" என்று கூப்பிட ஆளில்லை. பொழுது சாய்கையில் அதே வரப்பில் பாதங்களை ஒட்டி நிற்கிறேன். புத்தியைக் கேட்கிறேன். மூன்றடி பின்னால் வைக்கிறேன். இப்போது வழுக்குவதில்லை. வழுக்கினால் தேவலை என்றிருக்கிறது.