கணுக்கால் மரத்துப்போகும் வரை

குளிக்கும்போதுதான் அது வெடித்தது. வலது கணுக்காலுக்கு மேலே, ஊதா நிறத்தில் வலைபோலப் படர்ந்திருந்த சின்ன நரம்புகளில் ஒன்று. வலி எதுவும் இல்லை. காலடியில் ஓடிய தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் கத்தினேன். கணவர் ஓடிவந்து துவாயால் அழுத்திப் பிடித்தார். இரத்தம் நிற்க வெகுநேரம் எடுத்தது.

கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை எனக்கு. காலையிலிருந்து கடை பூட்டும் வரை நின்றபடிதான். அந்த நரம்புகள் இரண்டு கால்களிலும் வந்து வருடங்களாகிவிட்டன. மாலையானால் எரியும், கடுக்கும். ஊசிக்குப் பயந்தே வைத்தியரிடம் போகாமல் இருந்தேன்.

அந்தப் பயம் என் மகள் பிறந்த அன்று வந்தது. தையல் போடுவதற்கு முன் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஆனால் அது வேலை செய்யும் முன்பே தைக்கத் தொடங்கிவிட்டார்கள். "வலிக்குது, வலிக்குது" என்று கதறினேன். தைத்த பெண் சிங்களத்தில், "பொட்டக் இவசன்ன" என்றாள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். கடைசித் தையல் வரை அதையேதான் சொன்னாள்.

இரத்தம் வந்தபிறகு கணவர் விடவில்லை. வீடு இருக்கும் வத்தேகமையிலிருந்து பஸ் ஏறி, கண்டியில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண். என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சின்ன நரம்புகளுக்குள்ள மருந்து ஏத்தினா அதுகள் மூடுபட்டுப் போகும். பயப்பிடாதேங்கோ."

"மரத்துப்போற ஊசி போடுவீங்களா டொக்டர்?"

"இதுக்கு விறைக்க வைக்கிறேல்லை. ஊசி மயிரளவுதான். விறைக்கிற ஊசிதான் இதைவிடக் கூட நோகும்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். முன்பின் தெரியாத ஒருவரின் கையை அப்படிப் பிடித்தது அதுவே முதல் தடவை.

"ஏதாவது செய்யுங்க டொக்டர். என்னால முடியாது."

"டொக்டர் இவ்வளவு சொல்றாங்க, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடேன்" என்றார் கணவர். அவரைத் திரும்பிப் பார்க்கவும் எனக்கு மனமில்லை.

வைத்தியர் யோசித்தார். "விறைக்கிற கிறீம் ஒண்டு இருக்கு. ஆனா அதைப் பூசினா நரம்பு சுருங்கி ஒளிச்சிடும். பிறகு நான் தேட வேணும்."

"பரவாயில்ல, பூசுங்க."

காலில் கிறீமைத் தடவி, மேலே மெல்லிய பொலித்தீன் சுற்றி, வெளியே உட்கார வைத்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்துப் பிரித்தபோது தோல் வெளுத்துப்போயிருந்தது. அவர் சொன்னது போலவே நரம்புகளைக் காணவில்லை. விளக்கைப் பிடித்துத் தேடியவர், நிறம் திரும்பும் வரை காத்திருக்கச் சொன்னார்.

அந்தக் காத்திருப்புத்தான் என்னைத் தின்றது. ஊதா நிறம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அது வர வர, மரப்பு போய்விடுமோ என்று நகத்தால் காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன்.

"கிள்ளாத, புண்ணாகிடும்" என்று கணவர் என் கையைத் தட்டிவிட்டார்.

முழங்காலுக்குக் கீழே ஊசி இறங்கியபோது யாரோ விரலால் அழுத்துவது போல மட்டும் இருந்தது. மூச்சு வந்தது. பிறகு கணுக்கால். இரத்தம் வந்த அதே இடம். அங்கே கிறீம் சரியாகப் பிடிக்கவில்லை. முதல் குத்திலேயே நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன்.

வைத்தியர் உடனே கையை எடுத்துவிட்டார். "இந்த இடத்துக்கு மட்டும் விறைக்க ஒரு ஊசி போடட்டோ?"

கெஞ்சிக் கேட்ட ஊசிதான். இப்போது அதைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டேன்.

"போட்ட உடனே தொடங்கிட மாட்டீங்களே?"

"இல்லை. நீங்கள் சொன்னாப் பிறகுதான் தொடங்குவன்."

அந்த ஊசி எரிந்தது, மிளகாயைத் தோலுக்குள் வைத்தது போல. பிறகு அவர் ஊசி முனையால் மெதுவாகத் தொட்டார்.

"நோகுதோ?"

"வலிக்குது."

காத்திருந்தார். மறுபடி தொட்டார்.

"இப்ப?"

"வலிக்குது டொக்டர்."

உண்மையில் வலித்ததா என்று எனக்கே தெரியவில்லை. வலியும் பயமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கதவைத் தட்டி, அடுத்தவர் காத்திருப்பதாகத் தாதி சொன்னார். வைத்தியர், "இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அழுதபடியே, "செய்யுங்க" என்றேன்.

அவர் செய்து முடித்ததை நான் உணரவில்லை. பஞ்சு வைத்து, இறுக்கமான நீண்ட காலுறை போட்டுவிட்டு, "எழும்பி நடவுங்கோ" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் கணவர் மெதுவாகக் கேட்டார், "ரொம்ப வலிச்சிச்சா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வலது காலில் ஊதா வலை இப்போது மங்கிவிட்டது. இடது கால் அப்படியே இருக்கிறது. அதற்குக் கொடுத்த நாள் நெருங்கியதும் போன் எடுத்து, காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். அடுத்துக் கொடுத்த நாளையும் தள்ளிப்போட்டேன். அதே வைத்தியர்தான், என்னைக் கேட்டுத்தான் தொடங்குவார் என்று தெரியும். தெரிந்தும், கடை மேசைக்குப் பின்னால் நின்று புடவை விரிக்கும்போது இடது கால் எரிய எரிய, போக முடியாமல் நிற்கிறேன்.