பட்டறைக்கு மேலே ஒரு வீடு

ஆல்டரேஷன் அக்காவுக்குத் தான் குடியிருக்கும் வீட்டைப் பிடிக்காது என்பது அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குக் கால் மணி நேரம் பேசினால் தெரிந்துவிடும்.

ஜவுளிக்கடையில், மாடிப்படிக்கு அடியில், ஒரு தையல் மெஷினும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டிருக்கும் மூலைதான் அவளுடைய ராஜ்ஜியம். மேலே துணி வாங்கியவர்கள் அதைப் போட்டுக்கொண்டு கீழே வந்து கண்ணாடி முன் நிற்பார்கள். எங்கே தொங்குகிறது, எங்கே பிடிக்கிறது என்று பார்த்து, வாயில் வைத்திருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவாள். உலகத்தில் எல்லாமே எங்கேயோ கொஞ்சம் லூசாகவோ டைட்டாகவோதான் இருக்கிறது என்பது அந்தத் தொழிலின் அஸ்திவாரம். அப்படி இல்லாவிட்டால் கடையில் அவளுக்கு நாற்காலியே இருக்காது. ஆகவே, குறை காண்பது அவளுக்குக் குணம் இல்லை, கைப்பழக்கம்.

வீடோ, அந்தக் கைப்பழக்கத்துக்கு வாகாக அமைந்திருந்தது. இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறைக்கு நேர் மேல் மாடி. கம்பி அறுக்கிற மெஷினைக் காலையில் ஓடவிட்டால் சாயங்காலம் வரை விட்டு விட்டு அலறும். ஜன்னலைத் திறந்தால் சத்தத்தோடு கறுப்புத் தூளும் சேர்ந்து வரும். அதனால் பதினோரு வருடமாக அந்த ஜன்னல்கள் சுவரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அக்கா, அவள் வீட்டுக்காரர், மகள் என்று அந்த வீட்டில் மூன்று பேருக்கும் ஒரு விசித்திரமான பேச்சு முறை கைவந்திருந்தது. பாதி வாக்கியம் பேசுவார்கள். மெஷின் அலறும். வாயைத் திறந்தபடி காத்திருப்பார்கள். நின்றதும் மீதிப் பாதி வரும். "நாளைக்கு நான் லீவு" என்று ஒருநாள் வீட்டுக்காரர் சொல்ல, அக்கா சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் "போட முடியாது" என்று மீதி வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள், சத்தமே இல்லாத வகுப்பறையிலும் இப்படி நடுவில் நிறுத்துகிறாளாம். அவளுக்கு ஏதோ ஆழமான சிந்தனை என்று வாத்தியார்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். நாள் முழுக்க என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்குப் பட்டறைச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. "பழகிடும்" என்பார். பதினோரு வருடம் கழித்தும் அதை எதிர்காலத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாள் முழுக்க வண்டியோடு நகர்ந்துகொண்டே இருக்கிற மனிதர் வீட்டை விட்டு நகர மறுத்தார். நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் வேறு வீட்டுக்குப் போகத் துடித்தாள். இருவரும் மற்றவரைப் பிடிவாதம் பிடித்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். இருவர் சொன்னதும் சரிதான்.

இந்த நிலையில்தான், பேன்ட்டை இடுப்பில் பிடிக்கக் கொடுக்க வந்த ஒரு பெரியவர், தன் வீட்டின் பின்பகுதி காலியாக இருப்பதாகச் சொன்னார். கடைசி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம். அக்கா அன்றைக்கே போய்ப் பார்த்தாள். ஜன்னல் திறந்து கிடந்தது. எதிரே ஒரு காலி மனை, அதில் இரண்டு மரம். அங்கேயே நின்று மூச்சு விட்டாள். எங்கே லூசு, எங்கே டைட் என்று கண் தேடியது. சமையலறைக் கதவு கொஞ்சம் இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். "மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்மா" என்றார் பெரியவர்.

வீட்டுக்காரரால் தூரம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அவர் ஓட்டுகிற பஸ்ஸே அங்கேதான் திரும்புகிறது. ஆனால் பட்டறை வீட்டின் சொந்தக்கார அம்மா போனில் ஒரு கொக்கி போட்டாள்: "தாராளமா காலி பண்ணுங்க. ஆனா அடுத்து வர்றவங்களை உள்ள வச்சுட்டுப் போங்க. நான் இவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு ஆள் தேட முடியாது."

"ஆள் கிடைச்சா போலாம்" என்று வீட்டுக்காரரும் பெருந்தன்மையாகச் சொன்னார். வீட்டைக் காட்டப்போவது தன் மனைவிதான் என்று தெரிந்த ஒருவருடைய பெருந்தன்மை அது.

அவர் கணக்கு தப்பவில்லை. முதலில் வந்த தம்பதியைக் கூடத்தில் நிறுத்தி, வாடிக்கையாளரைக் கண்ணாடி முன் நிறுத்தியவள் போல, அக்கா உள்ளதைச் சொன்னாள். இந்தச் சுவரில் ஈரம் இறங்கும், அந்தக் குழாய் இறுக்கினால்தான் ஒழுகும், கீழே மெஷின் போட்டால் டம்ளர் தானாக நகரும். அவர்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கினார்கள்.

அடுத்து வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டியது வீட்டுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அந்த வீட்டைப் பிடிக்கும். "காத்தா? ஜன்னலைத் திறந்தா அள்ளிக்கிட்டுப் போகும். தண்ணியா? பஞ்சமே கிடையாது. இந்த மாதிரி வீடு மறுபடி அமையாதுங்க" என்று கண் கலங்காத குறையாகச் சொன்னார்.

"அப்புறம் ஏன் சார் காலி பண்றீங்க?"

டிரைவருக்கு இந்தத் திருப்பம் எதிர்பாராதது. மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். வந்தவர்களும் கூரையைப் பார்த்தார்கள். ஏதோ விபரீதம் நடந்த வீடு என்று முடிவு செய்துகொண்டு போய்விட்டார்கள்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. கடையில் அக்காவின் முகத்தைப் பார்த்து, மேல்மாடி சேல்ஸ்மேன் விசாரித்தார். எந்தத் துணியை யார் போட்டாலும் "சூப்பர்" என்று சொல்லிச் சொல்லி, அவருக்குப் பெயரே சூப்பர் ஆகிவிட்டது.

"அக்கா, நீங்க குறையைக் குறைன்னே சொல்றீங்க. அதுதான் தப்பு. அதுக்கு வேற பேரு வைக்கணும். தொளதொளன்னு இருந்தா, ஃப்ரீயா இருக்கு சார். மூச்சு முட்டினா, ஃபிட்டா இருக்கு சார்."

"நீ ஃபிட்டுன்னு சொல்லி அனுப்புறதையெல்லாம் கீழ நான்தான்டா பிரிச்சு விடுறேன்."

"அதான்க்கா நம்ம பிசினஸ். நான் அனுப்பலேன்னா நீங்க எதைப் பிரிப்பீங்க?"

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அக்கா பாடம் கற்றுக்கொண்டாள். ரூம் சின்னது: பெருக்கித் துடைக்கச் சுலபம். படி செங்குத்து: உடம்புக்கு நல்லது. சத்தத்துக்கு மட்டும் எத்தனை யோசித்தும் வேறு பெயர் அகப்படவில்லை. அதனால் மூன்றாவதாகக் கேட்டவர்களைப் பட்டறைக்கு வார விடுமுறையான நாளில் வரச் சொன்னாள்.

வந்தவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். அவர் பீரோ மாதிரி இருந்தார். அந்தப் பெண், ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, பரீட்சை ஹாலில் பேப்பர் கொடுக்கிறவள் போல அடக்கமாக இருந்தாள். அக்கா சூப்பரின் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்தாள். இருவரும் தலையாட்டினார்கள். ரூமைப் பிடித்துவிட்டது, படியைப் பிடித்துவிட்டது.

"கீழ ஏதோ பட்டறை போர்டு பார்த்தோமே" என்றாள் அந்தப் பெண். "சத்தம் வருங்களா?"

"சத்தமா? பட்டறைன்னு பேருதான். ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். அவ்வளவு அமைதி."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் முகம் தொங்கிவிட்டது.

"அப்ப சரிப்படாதுங்க" என்றார் பீரோ. வீட்டில் ஒருவருக்குள்ள வியாதியைச் சொல்கிற குரலில் தொடர்ந்தார்: "இவங்க டிரம்ஸ் வாசிப்பாங்க. ஆபீஸ் விட்டு வந்ததும் தினம் ரெண்டு மணி நேரம். இதோட மூணு வீடு மாறிட்டோம். எல்லா இடத்துலயும் அக்கம்பக்கத்துல சண்டை. பட்டறைக்கு மேலேன்னு கேள்விப்பட்டுத்தான் ஆசையா வந்தோம்."

இருவரும் வாசலை நோக்கித் திரும்பினார்கள். பெரியவரின் ஜன்னலும் காலி மனையும் இரண்டு மரமும் அவர்களோடு படியிறங்கப் போவது அக்காவுக்குத் தெரிந்தது.

"நில்லுங்க!" என்றாள். "பொய் சொல்லிட்டேன். சத்தம் இல்லையா? இந்த வீட்டுல சத்தத்தைத் தவிர வேற ஒண்ணுமே இல்லைங்க! கம்பி அறுக்குற மெஷின் ஒண்ணு வச்சிருக்கான். அதைப் போட்டான்னா பல்லு கூசும். எலும்புக்குள்ள போய் அறுக்கும். போன்ல பேசினா, 'ஏன் அழறே'ன்னு எங்க அண்ணன் கேக்கிறான். நான் அழலைடா, மெஷின் அழுதுன்னு சொன்னா அதுவும் அவனுக்குக் கேக்காது. என் பொண்ணு மூணாங்கிளாஸ்ல பாட்டுப் போட்டியில பரிசு வாங்கிட்டு வந்து பாடிக் காட்டினா. உதடு அசையிறதைத்தான் பார்த்தேன். அந்தப் பாட்டு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இந்த ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு நிம்மதியா ஒரு டீ குடிச்சதில்லை. ஒரே ஒரு டீ. பேராசையாங்க அது?"

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் கண்ணில் இருந்தது இரக்கம் மட்டும் இல்லை.

"ஒரு தடவை கேக்க முடியுமா?"

அக்கா ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தாள். பட்டறைக்காரர் நாற்காலியில் சாய்ந்து, வாராவாரம் கிடைக்கும் ஒரே ஓய்வை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! மெஷினைக் கொஞ்சம் போட்டு விடுங்களேன்!"

பட்டறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நிறுத்தச் சொல்லி இந்த மாடியிலிருந்து அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. "என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒரு துண்டுக் கம்பி அறுங்கண்ணே! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அவர் எழுந்து உள்ளே போனார். மெஷின் அலறியது. பீரோ காதைப் பொத்திக்கொண்டார். டிரம்ஸ்காரப் பெண் கண்ணை மூடி, ஜன்னல் விளிம்பில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினாள். மெஷின் நின்ற பிறகும் நான்கு தட்டு கூடத் தட்டி, கச்சிதமாக முடித்தாள்.

"இவருக்கு எங்களால தொந்தரவு இருக்காதே?" என்று கீழே கை காட்டினாள்.

"அவருக்கா? பக்கத்துல இடி விழுந்தா, யாரு கூப்பிட்டதுன்னு கேப்பாரு."

"ஒண்ணாந்தேதியே வந்துடறோம்" என்றாள் அவள்.

அவர்களை வழியனுப்ப அக்கா கதவைத் திறந்தபோது, படியில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவர்கள் தெருவில் இறங்கிப் போனார்கள்.

"எப்ப வந்தீங்க?"

"நீ 'நில்லுங்க'ன்னு கத்தினப்பவே. எனக்குத்தான் சொல்றேன்னு நினைச்சு நின்னுட்டேன்." தொப்பியைக் கழற்றிக் கையில் திருப்பினார். "பாப்பா பாட்டு விஷயம் எங்கிட்ட சொன்னதே இல்லையே நீ."

"நூறு தடவை சொல்லியிருக்கேன்."

"கேட்டதில்லை." யோசித்தார். "நீ புலம்புறப்பல்லாம் கீழ அது ஓடிக்கிட்டு இருக்கும். ஏதோ வாய் அசையுது, வழக்கமா சொல்றதுதானேன்னு தலையாட்டிடுவேன். முழுசா ஒரே மூச்சுல இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு."

இத்தனை வருடமாக அந்த வீட்டைப் பற்றி அவள் சொன்ன குறைகளை அந்த வீடே தின்றுகொண்டிருந்திருக்கிறது. அக்காவுக்குச் சிரிப்பதா, எதையாவது எடுத்து எறிவதா என்று தெரியவில்லை. சிரித்தாள்.

"அந்தப் பெரியவர்கிட்ட சொல்லியாச்சா?" என்றார்.

"இனிமேதான். போன் பண்ணணும்."

"போன்ல வேண்டாம். இவ்வளவு நாள் காத்திருக்கார், நேர்லயே போவோம். நாலு மணி டிரிப் நான்தான் எடுக்கிறேன். ஏறிக்கோ. அவரைப் பார்த்துப் பேசிட்டு, எனக்கும் அந்த ஜன்னலைக் காட்டு."

நாலு மணி பஸ்ஸில் ஆல்டரேஷன் அக்கா டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பிரேக்கை இப்படியா போடுவது, திருப்பத்தில் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன, அந்தக் கண்ணாடியை இப்படிக் கோணலாக வைத்தால் என்ன தெரியும் என்று கடைசி ஸ்டாப் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். டிரைவர் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். ஒவ்வொன்றும் கேட்டது.