என் எடைக்கு அடித்த காற்று

குழந்தை போத்தல் பாலைத் தொடவே மாட்டாள் என்று தெரிந்த வாரத்தில்தான் என் பிரசவ லீவும் முடிந்தது.

தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நான் படிப்பித்த தோட்டப் பள்ளிக்கூடம் யட்டவத்தப் பக்கமாக ஏறும் கல் வீதியின் மேல் முனையில் இருந்தது. எங்கள் வீடு கீழே, பலாபத்வலயில். என் கணவர் கணக்கெழுதும் கிளாக்காக இருந்த மிளகுக் கடைக்குப் பின்னால் கடைக்காரர்கள் கொடுத்த வீடு. அதிபர் நல்ல மனிதர். இடைவேளையோடு சேர்த்து ஒரு மணித்தியாலம் விட்டுத் தந்தார், வீட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்கு. ஆனால் நடந்தால் போக வரவே அந்த நேரம் போதாது. பஸ் டவுனைச் சுற்றித்தான் போகும். அதோடு, யுத்தம் நடந்த அந்த வருடங்களில் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் குண்டுக்குப் பயந்து முதலில் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். யாருடையதென்று தெரியாத ஒரு பை கிடந்தால் முழு பஸ்ஸும் இறங்கி வீதியில் நிற்கும். குழந்தையின் தாயாக நான் அதில் தினமும் ஏறத் துணியவில்லை.

மாமி, என் கணவரின் அம்மா, ஒரே பேச்சுத்தான் பேசினார். "வேலய விட்டுரு புள்ள. இன்னொரு நாள் தேடிக்கலாம்." தோட்டப் பிள்ளைகளுக்கு இன்னொரு டீச்சர் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதேநேரம் மாமி சொல்வது சரியாக இருக்குமோ என்றும் தோன்றும். காலையில் ஒன்றும் இரவில் வேறொன்றுமாக முடிவெடுத்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளில் போகலாம் என்றவர் என் கணவர்தான். சிறுமியாக இருந்தபோது நன்றாக ஓட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு லேடீஸ் சைக்கிளை வாங்கி ஒருநாள் போய்ப் பார்த்தேன். மேலே ஏறியதில் குறை ஒன்றும் இல்லை. இறங்கும்போது, சக்கரம் கல்லில் விழுந்த ஒவ்வொரு தடவையும் பிள்ளை பெற்ற ஒப்பரேஷன் தழும்பின் நூலை யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. பால் கட்டி நின்ற மார்பின் வலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தூக்கக்கூட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்று பின்னேரமே என் கணவர் நானாவிடம் போய் வந்தார். மறுநாள் என்னையும் அவரது கடைக்குக் கூட்டிப் போனார்.

நானா என்று ஊரே கூப்பிடும் அந்த முஸ்லிம் வியாபாரிக்குப் பிரதான வீதியோரம் பழைய சைக்கிள் கடை. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் சைக்கிள்களை மொத்தமாக எடுத்து, கழுவி, கழன்றதைப் பூட்டி விற்பார். மிளகுத் தோட்டமும் கொஞ்சம் உண்டு. எங்களைப் பார்த்ததும் கூரையிலிருந்து ஒரு மவுண்டன் சைக்கிளை இறக்கினார். தடித்த டயர், தாழ்ந்த சட்டம். பள்ளிக்கூட அலுமாரியில் சாரியை வைத்துவிட்டு, சல்வாரில் ஏறிப் போகலாம். பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதி தனியாக அசையும்படி, நடுவில் இடியை வாங்கிக்கொள்ளும் ஒரு ஷொக் இருந்தது. அதுதான் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது.

கழற்றிய சாமான்கள் கிடந்த தகரப் பேசினுக்குள் நானா கையை விட்டுத் துழாவினார். இறுகிப்போன ஷொக்கின் ஒரு துளையிலிருந்து மறு துளைவரை என் கணவர் நூல் பிடித்து அளந்து வைத்திருந்தார். அந்த அளவுக்கு இரண்டு ஷொக் கிடைத்தன. ஒன்று தடித்த ஸ்பிரிங் சுற்றியது. மற்றது வெள்ளித் தம்ளர் போல, பார்க்க ஒன்றுமேயில்லாதது. உள்ளே காற்றை அடைத்துத் தாங்குவது.

நானா ஸ்பிரிங் பக்கம். "தம்பி, காத்த நம்பி டீச்சர கல் ரோட்டுல அனுப்பப் போறீங்களா? ஸ்பிரிங் எண்டா இரும்பு. இரும்பு எங்கயும் போகாது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஸ்பிரிங்கைப் பூட்டி என்னை ஏறி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். அது அசையவில்லை. குதித்து உட்கார்ந்தும் அசையவில்லை. பெரிய உடம்புக்காரர் யாருக்கோ செய்தது போல. பிறகு நானாவே ஏறினார். அவர் எங்கள் மூவரில் பெரியவர், பருமனிலும்தான். அவருக்குக் கீழே அது மெத்தை மாதிரி இறங்கியது.

"எனக்கு நல்லாத்தான் ஈக்குது," என்றார்.

"அப்ப நீங்களே போய்ப் படிச்சிக் குடுத்துட்டு வாங்க நானா," என்றார் என் கணவர்.

காற்று ஷொக்கை ஆளின் எடைக்குத் தக்கபடி அடித்துக்கொள்ளலாம் என்பதால் அதை எடுத்தோம். எடுத்த பிறகும் எனக்குப் பயம். பாதி வழியில் காற்றுப் போனால் என்ன செய்வது, இறக்கத்தில் போனால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் கணவர், பழைய காற்று இன்னும் உள்ளே இருந்த அந்த ஷொக்கைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை. கொஞ்சநேரம் கழித்து நான் மறுபடி கேட்டபோது, சலிக்காமல் மறுபடி அமுக்கிக் காட்டினார்.

சாதாரணப் பம்பால் அதற்குக் காற்றடிக்க முடியாது. நானாவிடம் ஒரு சின்னப் பம்ப் இருந்தது. கறுப்புக் குழாயும் அழுத்தம் காட்டும் வட்டமான மானியும் வைத்தது. சாமான்களோடு வந்ததை, நோயாளிகளுக்குப் பிரஷர் பார்க்கும் கருவி என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தாராம். அடுத்த நாள் அதை வாங்கிக்கொண்டு வரும்போது சந்திச் சோதனைச்சாவடியில் என் கணவரை நிறுத்திவிட்டார்கள். உலோகக் குழாய், வயர் போல ஒன்று, முள் ஆடும் மானி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். நான் குழந்தையோடு வீட்டுக் கேற்றடியில் காத்து நின்றேன். இருட்டப் போகும் நேரத்தில்தான் வந்தார். மனைவியின் சைக்கிளுக்கு என்று சிங்களத்தில் சொன்னாராம். மனைவி சைக்கிள் ஓடுவாளா என்று கேட்டார்களாம். "இனித்தான் பார்க்கணும்னு சொன்னேன். சிரிச்சி விட்டுட்டாங்க," என்றார். சொல்லும்போது அவரும் சிரித்தார். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

என் பிடிவாதத்துக்காக அவர் அங்கே நின்றிருக்க வேண்டுமா என்று நினைத்து எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

டவுனில் ஒரு கம்பியூட்டர் கடையில் உட்கார்ந்து, காற்றடிக்கும் முறையை ஆங்கிலத்தில் தேடி வாசித்தேன். உங்கள் எடை எத்தனை இறாத்தலோ, மானியில் முதலில் அத்தனை வரும்வரை அடியுங்கள். பிறகு ஏறி உட்காருங்கள். ஷொக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது தண்டின் கால்வாசி தள்ளப்பட்டிருந்தால் சரி. அமுங்கிய ஷொக் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதற்கு ஒரு சிவப்புத் திருகி.

ஆகவே என்னை நிறுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய மிளகுக் கடையைத் திறந்து மேடைத் தராசில் ஏற்றினார். தட்டு முழுக்க மிளகுத் தூசி. என் கால் அழுக்காகாமல் ஒரு சாக்கை விரித்துவிட்டார். தராசுத் தண்டில் குண்டை நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்து, எண்ணைச் சொன்னார். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. இவ்வளவு மெலிந்துவிட்டேனா? பால் வற்றிப்போகுமோ? அன்றிலிருந்து மாமி எனக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டாகச் செய்து போட்டார். நானும் மறுபேச்சில்லாமல் தின்றேன்.

அந்த எண்ணுக்குக் காற்றடித்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வளையம் கால்வாசியைத் தாண்டி இறங்கியது. "வளையம் பழசு, வழுக்குது. தராசு பொய் சொல்லாது," என்றார். தராசோடு வாழ்கிறவர் சொன்னதால் நம்பினேன்.

திங்கட்கிழமை ஏறும்போது சுகமாக இருந்தது. இறங்கும்போது, வீதிக்குக் குறுக்கே தண்ணீர் ஓடும் கல் கானில் பின்சக்கரம் விழுந்ததும் 'டொக்' என்று அடியில் முட்டியது. லேடீஸ் சைக்கிளில் பட்ட அதே இடி, அதே தழும்பில். அடுத்த நாளும் அப்படித்தான். அவர் சிவப்புத் திருகியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருநாள் ஆட்டுக்குட்டி போல என்னை உதைத்து எறிந்தது. மறுநாள் அமுங்கிய இடத்திலேயே கிடந்தது. கானில் முட்டுவது மட்டும் மாறவேயில்லை. வெள்ளிக்கிழமை பால் கொடுத்துக்கொண்டே மாமியிடம் சொன்னேன், மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுவிடுகிறேன் என்று. மாமி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஞாயிறு வரைக்கும் பொறு," என்றார் என் கணவர்.

ஞாயிறன்று நானா குனிந்து பார்த்தார். வளையம் தண்டின் கடைசியில் ஒட்டிக் கிடந்தது. எத்தனைக்குக் காற்றடித்தீர்கள் என்று கேட்டார். பிறகு என் எடையைக் கேட்டார். என் கணவர் சொன்னார். நானா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க நிறுத்தீங்க தம்பி?"

"நம்ம கடையில."

"சாக்கு போட்டா?"

"கால்ல தூசி படும்னு."

மிளகு விற்க அந்தத் தராசடியில் நின்று பழகியவர் நானா. மெதுவாகத்தான் கேட்டார். "சாக்குக்குக் கழிச்சீங்க, சரி. டீச்சருக்கு ஈரமும் கழிச்சீங்களோ?"

என் கணவரின் உதடு அசைந்தது. தராசடியில் முணுமுணுத்த அதே கணக்கை அவர் மறுபடி போட்டுப் பார்ப்பது தெரிந்தது. காது சிவந்துவிட்டது.

"கை தானா கழிச்சிருச்சி நானா."

"எங்கட மொளகுக்கும் அப்பிடித்தான் தானாக் கழியுது."

முதலில் சிரித்தது நான். எத்தனையோ நாளாகச் சிரிக்காத சிரிப்பு, தழும்பு வலித்தது, அப்படியும் நிறுத்த முடியவில்லை. மெலியவேயில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். வருகிற ஒவ்வொரு சாக்குக்கும் எடை கழித்து, ஈரத்துக்கும் கழித்து, கடைக்கு நட்டம் வராமல் பார்க்கிற மனிதர், பெண்சாதியையும் கடைக் கணக்கில் காப்பாற்றியிருக்கிறார் என்பது இன்னொரு பக்கம். பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகள் நிறைந்த என் பையை நிறுக்கவேயில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

கடைக்குத் திரும்பினோம். சப்பாத்தோடும் பையோடும், சாக்கில்லாமல் ஏறி நின்றேன். இந்தத் தடவை குண்டை நகர்த்திவிட்டு, எண்ணை என்னையே வாசிக்கச் சொன்னார். அதற்கேற்பக் காற்றடித்ததும் வளையம் கால்வாசியில் வந்து நின்றது.

அதோடு அவர் விடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கானடிக்கே போனோம். நான் மேலிருந்து இறங்கி வர, அவர் கானுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்பார். சிவப்புத் திருகியை ஒரு பல் திருப்புவார். மறுபடி ஏறிப் போகச் சொல்வார். கோயிலுக்குப் போன சனங்கள் நின்று பார்த்தார்கள். அவருடைய கழுவி மடித்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் செம்மண். "இப்ப உதைக்குதா? இல்லாட்டி உக்காந்துருதா?" என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டார். நான் யோசித்து, மாற்றிச் சொல்லி, முதலில் சொன்னதுதான் சரியென்று திரும்பவும் சொன்னேன். அவர் அத்தனைக்கும் திருகியைத் திருப்பினார். இயந்திரம் எதுவும் தெரியாத மனிதர். என் உடம்புக்கு எது நோகும், எது நோகாது என்பதைத்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

திங்கள் இடைவேளைக்கு மணியடித்ததும் இறங்கினேன். கான் கண்ணில் பட்டதும் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். சைக்கிள் அமுங்கியது. எழுந்தது. சத்தமே இல்லை. கானைத் தாண்டிக் கொஞ்சத்தூரம் போன பிறகுதான் பல்லை விட்டேன். தம்ளரளவு ஒரு குழாய், அதற்குள் இருக்கிற காற்று, அது என்னையும் முப்பது பிள்ளைகளின் கொப்பிகளையும் தாங்கிக்கொண்டு போகிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

கேற்றடியில் மாமி குழந்தையோடு நின்றார். அழுகிற பிள்ளையை வாங்கி, உள்ளே போய் உட்கார்ந்து மடியில் போட்டேன், கட்டிலைப் பிடிக்காமல், இடுப்பைப் பிடிக்காமல். குழந்தை அவசரமாகக் குடித்தாள். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியைப் பற்றி நான் வாய் திறக்கப் போனேன்.

அவர் பையைத் தூக்கி என் தோளில் மாட்டினார். "போ, நேரமாவுது. வேலய விட்டு நிக்கிறத இன்னொரு நாள் நின்னுக்கலாம். புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்."

வளைவில் திரும்பும்போது பின்னால் பார்த்தேன். காதில் பென்சிலோடு என் கணவர் கடையின் பின்கதவில் நின்றார். கை காட்டினேன். அவர் பார்க்கவில்லை. அவர் பார்வை முழுக்கப் பின்சக்கரத்தில் இருந்தது.