ஷிரோனி கரை ஒதுங்காத வளைவு

ஏனே என்னும் எங்கள் ஆற்றின் கரையில் ஷிரோனிக்கு வாய்க்கொழுப்புக்காரி என்று பெயர். நானும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். ஆனால் அவள் பிள்ளைகள் இன்று உயிரோடிருக்கிறார்கள் என்றால் அவளால்தான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

மலையிலிருந்து இறங்கிய துப்பாக்கிக்காரர்கள் விடியற்காலையில் அவள் ஊரைக் கொளுத்தினார்கள். ஓடியவர்களைச் சுட்டார்கள், ஓட முடியாதவர்களை வெட்டினார்கள். ஷிரோனியின் அப்பா வாசலிலேயே விழுந்தார். அவரைத் தாண்டித்தான் அவள் ஓட வேண்டியிருந்தது. புருஷன் எலியாசர் தெப்பத்தை அவிழ்த்தான். அவள் இரண்டு பிள்ளைகளையும் கட்டைகளோடு சேர்த்துக் கொடியால் கட்டினாள். ஆற்றோடு கீழே, அடைக்கலம் கொடுக்கும் பாதிரியார் ஊருக்குப் போய்விட்டால் பிழைக்கலாம். ஆனால் மழைக்கால வெள்ளம். முதல் சுழியிலேயே ஒரு கட்டை பிய்ந்து போனது. பாறையில் மோதி எலியாசரின் நெற்றி கிழிந்தது.

வளைவு திரும்பியதும் கரையில் எலியாசரின் அண்ணன் ஹசிந்தோ நின்றான். கையில் மரவள்ளிக்கிழங்கில் காய்ச்சிய கள் கிண்ணம்.

"டேய் தம்பி, வாடா. ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

நீட்டிய கள்ளைத் தள்ளினால் எங்களில் அது பகை. எலியாசர் கழியால் தெப்பத்தைக் கரைப்பக்கம் திருப்பினான்.

"போகாதய்யா," என்றாள் ஷிரோனி.

"என்னடி பேசுற? எங்க அண்ணன்டி."

"உங்க அண்ணன்தான். உங்க அண்ணி ரொசெந்தா எங்க? நம்ம வழக்கத்துல கள்ளு குடுக்கிறது பொம்பளதான. உங்க அண்ணனுக்குத் தானா மோந்து குடிக்கவே கை வலிக்கும், இன்னிக்கு ஊருக்கு ஊத்துறாராக்கும்?"

"அடுப்படியில இருப்பாங்க."

"ஆம்பள கையில கிண்ணம் இருந்தா அந்த வீட்டுல ஏதோ சரியில்ல. தள்ளு."

அவன் தயங்கினான். அவன் கையில் ஓங்கி அடித்துக் கழியைப் பிடுங்கித் தெப்பத்தை நடு ஆற்றுக்குத் தள்ளினாள். வாழைத் தோப்பில் பதுங்கியிருந்த துப்பாக்கிக்காரர்கள் சுட்டார்கள். முதல் குண்டு ஹசிந்தோவின் கழுத்தில், பின்னாலிருந்து. அடுத்தது எலியாசரின் வயிற்றில். தண்ணீரில் விழுந்தவனின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். தெப்பம் பிள்ளைகள் பக்கம் சாய்ந்து அவர்கள் வாய் வரை தண்ணீர் வந்தது. பிடியை விட்டுவிட்டாள்.

பாதிரியார் ஊரில் பிள்ளைகளோடு கரையேறினாள். வருஷக்கணக்காக ஹசிந்தோவைத் திட்டித் தீர்த்தாள். சொந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் காவு கொடுத்த நாய் என்பாள். நாங்களும் ஆமாம் போட்டோம்.

பிறகு ஒரு நாள், துப்பாக்கிக்காரர்களிடமிருந்து தப்பி ரொசெந்தா வந்து சேர்ந்தாள், எலும்பும் தோலுமாக. ஷிரோனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கிண்ணத்த என் கையிலதான் குடுத்தானுங்க," என்றாள் ரொசெந்தா. "ஆத்துல வர்றவங்களக் கரைக்குக் கூப்பிடலேன்னா வெட்டுவோம்னானுங்க. அவருதான் புடுங்கிக்கிட்டாரு. 'நீ நின்னா வந்துருவாங்க. நான் நின்னா ஷிரோனி கண்டுபிடிச்சிருவா'ன்னு அவனுங்களுக்குப் புரியாம நம்ம பாஷையில சொல்லிட்டுப் போனாரு."

புருஷனுக்கே அப்படி அழாதவள், அன்று ஹசிந்தோவுக்காக மண்ணில் விழுந்து புரண்டாள்.