சலூன்காரருக்கு வராத பரு

சூரியன் தினமும் காலையில் எதற்காக எழுந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? சலூன்காரரின் கன்னத்தில் தன் முகத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளத்தான். அப்படிப்பட்ட கன்னம் அது. ஈ வந்து உட்கார்ந்தால் வழுக்கி விழும். விழுந்த ஈக்களில் சிலவற்றுக்கு இடுப்பு பிசகி, இன்றைக்கும் நொண்டிக்கொண்டுதான் பறக்கின்றன. ராஜாக்கள் காலமாக இருந்திருந்தால் அந்தக் கன்னத்துக்காக இரண்டு மூன்று போர் நடந்து நாலைந்து நாடு அழிந்திருக்கும். அவருக்கு முன்னால் பிறந்தவர்களுக்கெல்லாம் இருந்தது கன்னமே இல்லை, வாய்க்குப் பக்கத்தில் சும்மா கிடந்த இடம்.

இப்பேர்ப்பட்ட கன்னத்தை வைத்துக்கொண்டு சலூன்காரர் ஒரு பருவுக்காக ஏங்கினார். கடுகளவு பரு. ஒன்றே ஒன்று.

கதை இருமலில் ஆரம்பித்தது. வாடிக்கையாளர் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போது இருமக்கூடாது என்பது அவர் தொழிலின் முதல் விதி. அதற்காக இருமலை அடக்கி அடக்கி, ஒருநாள் அடக்க முடியாமல் போய், பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி. புற்றுநோய். அறுத்து எடுக்கிற இடத்தில் இல்லை. மருந்துதான்.

அங்கே ஒரு புது மாத்திரையை வைத்து ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளவென்றே ஒரு நர்ஸ். சுருட்டை முடியை இழுத்துக் கொண்டை போட்டு, சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

“எல்லாருக்கும் வழக்கமான மருந்து டிரிப்ஸ்ல ஏறும். அதோட தினமும் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு அதுல புது மருந்து இருக்கும். மீதிப் பேருக்கு பாக்க அதே மாதிரி, உள்ள ஒண்ணும் இருக்காது. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கற மாதிரி எடுக்கும்.”

“அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட நான் தனியா ரெண்டு வார்த்தை பேசிக்கலாமா சிஸ்டர்?”

“எங்ககிட்டயே வாயைத் திறக்காது. டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சா உங்களை ஒரு மாதிரியும் அடுத்தவரை ஒரு மாதிரியும் பாப்போம். அப்புறம் மருந்து நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்?”

சலூன்காரர் கையெழுத்துப் போட்டார். மாத்திரை டப்பாவில் பெயர் கிடையாது, வெறும் எண். அதைப் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பஸ் டிரைவர் வந்து சேரும்வரை.

டிரைவருக்கும் அதே நோய், அதே ஆராய்ச்சி, அதே நாளில்தான் டிரிப்ஸ். இரும்புக் கம்பியில் கோத்த நாற்காலிகளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஒருவர் காலை ஆட்டினால் வரிசையே ஆடும். ஒருநாள் டிரைவர் மூக்கு, நெற்றி, நெஞ்சு எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பருவோடு வந்து உட்கார்ந்தார்.

“என்னண்ணே, தேனீக் கூட்டுல தலையை விட்டீங்களா?”

“சிரிக்காத தம்பி.” டிரைவர் குனிந்து, பஸ்ஸில் ஓசியில் வருகிறவனிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினார். “இது மருந்து செய்யற வேலை. வெறும் மாத்திரை சாப்பிடறவனுக்கு எங்கேர்ந்து வரும்? இது வந்தவங்கதான் நல்லா தேறுறாங்களாம். அந்த மூலையில உக்காந்திருக்காரே, அவர் மச்சான் படிச்சவராம், அவரே சொன்னாரு.” பிறகு சலூன்காரரின் முகத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “உனக்கு... ஒண்ணும் இல்ல போல?”

அவ்வளவுதான். ஊசி ஏறியது கையில், ஆனால் குத்தியது வேறு இடத்தில்.

உள்ளே நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வாந்தி உண்டா? பேதி உண்டா? வயிற்றெரிச்சல்?

‘உண்டு சிஸ்டர், வெளியில மூக்கு நிறைய பருவோட உக்காந்திருக்காரே, அவரைப் பாத்ததுலேர்ந்து’ என்று வாய்வரை வந்தது. “இல்லை” என்றார். “பரு மட்டும் வரல. ஏன் வரல?”

“வராட்டா சந்தோஷப்படுங்க.”

யார் சந்தோஷப்படுவது? அன்றிலிருந்து சலூன்காரருக்கு உலகமே பருவாகத் தெரிந்தது. முடி வெட்ட வந்த கல்லூரிப் பையன்கள் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒருவன் “அங்கிள், இந்தப் பரு போக என்ன பண்ணலாம்?” என்று கேட்டபோது, “ஏன்டா போகணும்? இருந்துட்டுப் போகட்டுமே!” என்று எரிந்து விழுந்தார்.

வீட்டில் மகள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டப் பார்த்து, வகுப்பு அவளைத் தாண்டிப் போய்விட்டது. அறிவு, அழகு, அடக்கம் மூன்றும் உண்டு என்பது அவளுடைய சொந்த அபிப்பிராயம். டூத்பேஸ்ட் டியூபில் ஷேவிங் கிரீமை அடைத்து வைத்தது அவள் இல்லை என்பதற்கு இன்றுவரை சாட்சி கிடையாது. அந்தப் பரம சாதுவின் நெற்றியில் பருக்கள் விதை தூவினாற்போல் முளைத்திருந்தன. அவள் கண்ணாடி முன் நின்று அவற்றுக்குக் கிரீம் தடவும்போது, பின்னால் நின்று சலூன்காரர் பார்த்த பார்வை, பசியோடு இருப்பவன் அடுத்தவன் இலையைப் பார்க்கிற பார்வை.

“என்னப்பா, வேணுமா? ரெண்டு எடுத்துக்கோங்க.”

“போடி, கழுதை.”

ஆனால் அவரை உண்மையில் அறுத்தது மனைவி. அவள் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. டிரைவரின் மனைவி போனில், “எங்க வீட்டுக்காரருக்கு முதுகுலயும் வந்திருச்சு தெரியுமா” என்று வளையல் வாங்கியதுபோல் சொன்னதை மட்டும் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் காலையில், அவர் தூங்குவதாக நினைத்துக்கொண்டு, அவர் முகத்தை விரல்களால் தடவிப் பார்ப்பாள். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை. எதுவும் தட்டுப்படாது. விரல் நின்றுவிடும். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார் சலூன்காரர். அவள் தேடுவது பருவை இல்லை, அவர் இன்னும் எத்தனை காலம் இருப்பார் என்பதை. அதை அவள் விரலுக்குக் கொடுக்க முடியாத முகம் என்ன முகம்?

முகத்தில் பருபோல் வரவழைப்பது எப்படி என்று உலகத்தில் ஒரு தொழில்காரனுக்குத் தெரியும் என்றால் அது சலூன்காரனுக்குத்தான். வராமல் தடுப்பதுதானே அவன் பிழைப்பு? தண்ணீர் தொடாமல், சோப்பு போடாமல், மழுங்கிய பிளேடால், முடி வளர்கிற திசைக்கு எதிராக வறட்டு வறட்டென்று இழுத்தால் போதும். கடையில் கழித்த பிளேடு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். வீட்டு ரேசரில் மாட்டினார். மறுநாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு இழுத்தார்.

பூப்போல வழித்தது.

அதற்கு மறுநாளும் அப்படியே. இன்னும் தேய்ந்த பிளேடாகக் கொண்டுவந்து போட்டாலும், காலையில் இழுத்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கன்னம் முன்னைவிடப் பளபளத்தது. “இந்தக் காலத்துல பழசு பண்ணக்கூட முடியாத மாதிரி பிளேடு செய்யறானுங்க” என்று கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

கடைசியில் கடையிலேயே வேலையை முடித்தார். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, தன் கழுத்தில் தானே துண்டைக் கட்டி, ஜென்மப் பகையாளியைச் சவரம் செய்வதுபோல் செய்துகொண்டார். இரண்டு மூன்று நாளில் தாடையெங்கும் சிவந்து தடித்துக் கிளம்பிவிட்டது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். கண் கலங்கியது, எரிச்சலில் பாதி, பெருமையில் பாதி.

மறுநாள் காலை மனைவியின் விரல் தாடையில் நின்றது. திரும்பப் போய், திரும்ப வந்தது. “என்னங்க...” என்றாள். அவர் தூங்குவதாகவே நடித்தார். அன்றைக்கு அவள் டிரைவர் மனைவிக்குப் போன் போட்டுப் பேசிய பேச்சு பக்கத்துத் தெருவுக்கும் கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் டிரைவர் அவரைப் பார்த்ததும் நெளிந்தார்.

“உனக்கும் வந்திருச்சா தம்பி?”

“வந்துச்சுண்ணே. நீங்க சொன்ன அதே மருந்துதான் போல.” சலூன்காரர் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

“தாடி முளைக்கற இடத்துல மட்டும் வந்திருக்கே. நெத்தியில காணோமே?” என்றார் டிரைவர். வயிற்றெரிச்சல் பக்கத்து நாற்காலிக்கு இடம் மாறியிருந்தது. சலூன்காரருக்கு அதைவிடச் சுகமான மருந்து எந்த டிரிப்ஸிலும் ஏறியதில்லை.

அந்தச் சுகம் கதவு திறக்கும்வரை இருந்தது.

நர்ஸ் அவர் தாடையைப் பார்த்து முகம் மாறினார். கையுறை போட்டுக்கொண்டு தொட்டார். சில இடத்தில் சீழ் வைத்திருந்தது. டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, “இந்த அளவுக்குப் போனா மாத்திரையை நிறுத்தணும். புண் ஆறினப்புறம் குறைச்ச அளவுல ஆரம்பிக்கலாம். மறுபடி வந்தா ஆராய்ச்சியிலேர்ந்தே எடுத்திருவோம்” என்றார்.

சலூன்காரர் இருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். ஒருவேளை அது உண்மையான மாத்திரையாகவே இருந்தால்? கம்ப்யூட்டர் இரக்கப்பட்டு நல்ல சீட்டையே எடுத்திருந்தால்? அதை அவரே ஒரு மழுங்கிய பிளேடால் வழித்துத் தள்ளிவிட்டாரே!

“டாக்டர்... இது மாத்திரையால வரல.”

“பின்னே?”

“நான் போட்டது.”

“எதைப் போட்டீங்க?”

“கத்தி.”

கடையில் ஷட்டரை இறக்கிவிட்டுச் செய்ததைச் சொன்னார். ஏன் செய்தார் என்பதையும் சொன்னார். டிரைவர், மூலையில் இருந்தவரின் மச்சான், காலையில் வருகிற விரல் எல்லாம். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நர்ஸ் சிரிக்கவில்லை.

“உங்க மூஞ்சியை மட்டும்தான் கீறினீங்கன்னு நினைக்கறீங்களா? இதை நான் அப்படியே எழுதியிருந்தா, இந்த மருந்துக்கு இவ்வளவு மோசமா புண் வரும்னு ஆகியிருக்கும். நாளைக்கு இதை நம்பி வர்றவங்களுக்கு அதை வச்சுத்தான் அளவு குறைப்பாங்க.”

“தப்புதான் சிஸ்டர்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா பரு வந்தா தேறுவாங்கங்கறது பொய்யா?” என்றார்.

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பொய்யின்னு சொல்லல. நிறையப் பேரைச் சேத்து வச்சுப் பாத்தா, வந்தவங்க கொஞ்சம் நல்லா இருக்கற மாதிரி தெரியும். வந்தும் தேறாதவங்க இருக்காங்க, வராம தேறினவங்களும் இருக்காங்க. கூட்டத்தைப் பத்தி சொல்லலாம். ஒரு ஆள் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாது. யாருக்கும் முடியாது.”

“அப்ப என்னைப் பத்தி யாருக்குத்தான் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. அதனாலதான் ஸ்கேன் எடுக்கறோம்.”

மாத்திரையை நிறுத்தவில்லை. சீழுக்கு ஒரு களிம்பு கொடுத்தார்கள். அடுத்த ஸ்கேனில் கட்டி வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. “இப்போதைக்கு இது நல்ல சேதிதான்” என்றார் டாக்டர். கடையில் செய்ததை வீட்டிலும் ஒப்புக்கொண்டார். மனைவி துண்டால் ஒரு அடி வைத்தாள். அதற்குப் பிறகு அழுதாள். மறுநாள் காலை விரல் வந்தது. இந்த முறை அது எதையும் தேடவில்லை. கன்னத்தில் சும்மா கிடந்தது.

ஒருநாள் டிரைவர் கடைக்கே வந்துவிட்டார். தாடி காடாக வளர்ந்திருந்தது.

“பரு மேல கத்தி பட்டா உயிர் போகுது தம்பி. வேற எவன்கிட்டயும் குடுக்க பயமா இருக்கு.”

சலூன்காரர் அவரை நாற்காலியில் சாய்த்தார். கத்தியைத் தொடவில்லை. கத்தரிக்கோலை மட்டும் எடுத்து, சீப்பால் முடியைத் தூக்கித் தூக்கி, ஒரு பரு மேலும் உரசாமல் வெட்டினார். எத்தனை நாள் பொறாமைப்பட்ட முகம்! கிட்டத்தில் பார்த்தால் தோல் வெடித்து, காய்ந்து, சில இடத்தில் ரத்தம் கட்டி இருந்தது.

“கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பு” என்றார் டிரைவர், கண்ணை மூடிக்கொண்டே. “பேரன் கிட்ட வரமாட்டேங்கறான். தாத்தா மூஞ்சி குத்துதாம். உன் கன்னத்தைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது, தெரியுமா?”

சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்தினார். சிரிப்பு வந்தது, இருமல் வந்தது. இரண்டையும் விலகி நின்று முடித்துவிட்டு வந்து, மீதித் தாடியை வெட்டினார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பரம சாது மகளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்கப்பா பெரிய கைகாரர்னு ஊரெல்லாம் பேச்சு. வீட்டு ரேசர்ல ஒரு பரு வரவழைக்கத் துப்பில்லாம கடைக்கு ஓடினவர்தானே!”

சலூன்காரர் கையைத் தட்டில் வைத்தபடியே அவளைப் பார்த்தார்.

“கடையில பண்ணேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். வீட்ல பண்ணிப் பாத்தேன்னு உனக்கு யாரு சொன்னா?”

மகள் தண்ணீர்ச் செம்பைத் தேடினாள். செம்பு அவள் கையிலேயே இருந்தது.

“அம்மா சொன்னாங்க.”

“எனக்கே தெரியாதேடி” என்றாள் மனைவி.

“வாங்கி வச்ச புது பிளேடு பாக்கெட் எங்கடி?” என்றார் சலூன்காரர்.

“எலி...”

“எலி சவரம் பண்ணிச்சாக்கும்.” சலூன்காரர் சிரிக்கவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. “தினமும் நான் போட்ட பழைய பிளேடை யாரோ எடுத்துட்டு, அப்பனுக்கு வலிக்கக்கூடாதுன்னு புதுசு மாட்டி வச்சிருக்காங்க. அதையும் எழுத்து கீழ வர்ற மாதிரி தலைகீழா மாட்டி. முப்பது வருஷமா கத்தி பிடிக்கற கைக்கு, புதுசு எது பழசு எதுன்னு தெரியாதுன்னு நினைச்சியா? நான் கம்பெனிக்காரனைச் சத்தம் போட்டுத் திட்டினது யார் காதுல விழணும்னு?”